பஸ்ஸுக்கு ஒரு தனி ரோடு, சரி, அதை எங்கே போடுவது?

எல்லாருக்கும் வணக்கம். பனி கொட்டுகிற மாலையில் பஸ்ஸைப் பற்றிப் பேச ஒருவன் வருகிறான் என்று தெரிந்தும் இத்தனை பேர் வந்திருப்பதே எனக்கு ஆச்சரியம். பஸ்ஸில் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஆறு பேர். மற்றவர்கள் வெளியே கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தபோது இந்த ஆறு பேரும் வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்டார்கள், கவனித்தீர்களா?

கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரமான இந்த மிசிசாகாவில் இருக்கும் நீங்கள் எல்லாரும் அந்த ரோட்டைப் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் அதில் ஏறியிருக்க மாட்டீர்கள். 403 நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வெறுமையாக ஒரு ரோடு கிடக்கும், அதில் திடீரென்று ஒரு நீல பஸ் நம்மைத் தாண்டிப் போகும், நமக்கு வயிறு எரியும். அதுதான் மிசிசாகா டிரான்சிட்வே. மேற்கே வின்ஸ்டன் சேர்ச்சிலில் தொடங்கி, நகர மையத்தைத் தொட்டுக்கொண்டு, கிழக்கே விமான நிலையத்துக்குக் கிட்ட ரென்ஃபோர்த் வரைக்கும் 18 கிலோமீட்டர், 12 நிலையங்கள். 2014 நவம்பரில் முதல் நான்கு நிலையங்களைத் திறந்தார்கள், மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து 2017 நவம்பரில் முடித்தார்கள். முதல் பகுதி திறந்து இரண்டு கிழமைக்குள் ஹேசல் மக்காலியன் 36 வருட மேயர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். தோட்டமும் பண்ணையுமாக இருந்த இந்த இடம் வீட்டுத் திட்டங்களால் நிரம்பி ஏழு லட்சம் பேர் வாழும் நகரமானதில் பெரும்பங்கு அவருடைய காலத்தில்தான். வீடு கட்டின வேகத்துக்குப் பஸ் வரவில்லை என்று அவரையும் குறை சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.

இந்த ரோடு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். நகர மையத்திலிருந்து கிழக்கே ரென்ஃபோர்த் வரை சுமார் 11 கிலோமீட்டருக்கு அது பஸ்ஸுக்கு மட்டுமேயான ரோடு, குறுக்கே வரும் பெரிய தெருக்களுக்கு அடியால் நுழைந்து போகிறது, அதனால் சிக்னலுக்காக நிற்கிற வேலையே இல்லை. மேற்குப் பக்கத்தில் எரின் மில்ஸுக்கும் நகர மையத்துக்கும் நடுவில் தனி ரோடு போடவில்லை, 403 இன் ஓரப்பாதையையே பஸ்ஸுக்கு விட்டிருக்கிறார்கள், கார்கள் தேங்கி நிற்கும்போது பஸ் ஓரத்தால் போய்விடும். மொத்தச் செலவு 50 கோடி டாலருக்குச் சற்று மேலே, மாநகரமும் மாகாணமும் மத்திய அரசும் பகிர்ந்துகொண்டது. அதே 18 கிலோமீட்டர் நீளத்துக்கு ஹியூரொன்டாரியோ தெருவில் 2020 இல் தொடங்கிய ரயில் வேலையை நினைத்துப் பாருங்கள். 2024 இல் ஓட வேண்டியது என்றார்கள். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாம் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போக மாட்டோம், விடுங்கள்.

பஸ் ரோடு இவ்வளவு மலிவாக முடிந்ததற்குக் காரணம் நிலம். ஒன்டாரியோ மாகாண அரசு 1978 இல் பார்க்வே பெல்ட் என்று ஒரு நீண்ட துண்டு நிலத்தைத் திட்டம் போட்டு ஒதுக்கி வைத்தது, நெடுஞ்சாலைக்கும் ஹைட்ரோ கம்பிக்கும் வருங்காலப் போக்குவரத்துக்கும் என்று. (இங்கே மின்சாரத்துக்கு ஏன் தண்ணீரின் பெயர் என்று வந்த புதிதில் நான் குழம்பியதுண்டு.) அந்தத் துண்டு கையில் இருந்ததால் வீடுகளை வரிசையாக இடிக்கவோ கடைக்காரரோடு மல்லுக்கட்டவோ வேண்டியிருக்கவில்லை. கெட்டித்தனமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் யாரும் வீடு கட்டாமல் விட்ட நிலத்தில் ரோடு போட்டால் அந்த ரோட்டோரம் ஆட்கள் எப்படி இருப்பார்கள்?

நான் சில காலம் டொம்கன் பக்கத்தில் ஒரு கிடங்கில் இரவு வேலை செய்தேன். நகர மையத்தில் ஏறினால் பஸ் பத்து நிமிடத்துக்குள் டொம்கன் நிலையத்தில் இறக்கிவிடும். கண்ணாடிச் சுவர், லிஃப்ட், எல்லாம் பளபளவென்று இருக்கும். படியேறி மேலே வந்தால் ஒரு பக்கம் அகன்ற ரோடு, இன்னொரு பக்கம் ஹைட்ரோ கோபுரங்கள், அதற்கப்பால் 403. ஒரு தேநீர்க் கடை கிடையாது. அங்கிருந்து கிடங்குக்கு நடக்க எனக்கு இருபது நிமிடம். ஜனவரி மாதத்தில், மைனஸ் 15 இல், லாரிகள் சேற்றுப் பனியை வாரி அடித்துக்கொண்டு போகிற நடைபாதையில் இருபது நிமிடம். பஸ்ஸில் மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் காலால் கட்டித் தீர்த்தேன். இரண்டாவது குளிர்காலத்தில் நானும் கார் வாங்கிவிட்டேன், இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்காக இந்த ரோடே வீண் என்று சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், பிறகு 109 ஆம் இலக்க பஸ்ஸைக் கவனித்தேன். அது மெடோவேலில் வீடுகளுக்கு நடுவே கிளம்புகிறது, ஆட்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்துக்கு வருகிறது, தனி ரோட்டில் இறங்கி ஓடுகிறது, பிறகு அதிலிருந்து வெளியேறி ரொறன்ரோவின் கிப்ளிங் சப்வே, அதாவது சுரங்க ரயில் நிலையம் வரை போகிறது. ரயிலால் இது முடியாது, தண்டவாளம் முடிந்த இடத்தில் ரயிலும் முடிந்துவிடும். நம்மில் வன்னிப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, குளத்தை மட்டும் கட்டிவிட்டு வாய்க்கால் வெட்டாமல் விட்டால் வயலுக்குத் தண்ணீர் போகுமா? டிரான்சிட்வே குளம். தெருவுக்குள் வந்து ஆளை ஏற்றிப் போகிற பஸ்கள்தான் வாய்க்கால். அந்த பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் குளம் பயன்படும், அரை மணிக்கு ஒன்று வந்தால் நீங்கள் கார்ச் சாவியைத்தான் தேடுவீர்கள்.

இன்னொரு தடையும் நெடுங்காலம் இருந்தது. மிசிசாகா பஸ்ஸில் வந்து ரொறன்ரோ சப்வேயில் ஏறினால் இரண்டு முறை காசு. எல்லையில் ஒரு தெருவைக் கடந்ததற்கு இன்னொரு டிக்கெட்! 2024 பெப்ரவரி கடைசியில் அது ஒழிந்தது, இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் மாறினால் ஒரே கட்டணம். கிலோமீட்டர் கணக்கில் கொங்கிரீட் போட்டதைவிட இந்த ஒரு முடிவு எங்கள் ஆட்களில் பலருக்கு அதிகம் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். கிப்ளிங் வழியாக ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் ஸ்காபரோவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

நிலத்தைப் பற்றிப் பேசினோமே, பிரேசிலில் குரிடிபா என்று ஒரு நகரம். மிசிசாகா 1974 இல்தான் நகரம் என்ற தகுதியைப் பெற்றது, அதே 1974 இல் குரிடிபாவில் பஸ்ஸுக்கான தனித் தடம் ஓடத் தொடங்கியது. மேயர் ஜெய்மி லெர்னர் கட்டடக் கலைஞர், அவர் பஸ்ஸையும் கட்டடத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். பஸ் ஓடுகிற பெருந்தெருவின் இரு பக்கமும் உயர்ந்த மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி, தள்ளிப் போகப் போக உயரம் குறையும். அதனால் மாடியிலிருந்து இறங்கினால் பஸ் தரிப்பிடம். நம் ஆட்கள் ஆளில்லாத இடமாகப் பார்த்து பஸ் ரோட்டைப் போட்டார்கள், அவர்கள் பஸ் ரோட்டுக்கே ஆட்களை வரவைத்தார்கள். ஒட்டாவாவும் 1983 இலேயே பஸ்ஸுக்குத் தனி ரோடு போட்டு நன்றாக ஓட்டியது, நகர மையத்தில் பஸ் நெரிசல் தாங்காமல் 2019 இல் அதில் ஒரு பகுதியை ரயிலாக்கினார்கள். டெல்லியின் பஸ் தடம் 2008 இல் வந்து 2016 இல் உடைத்தெறியப்பட்டது, கார்க்காரர்களின் கோபம் அவ்வளவு.

இதையெல்லாம் இப்போது ஏன் பேசுகிறேன் என்றால், அடுத்தது டண்டாஸ் தெரு. கிப்ளிங்கிலிருந்து ஹமில்டன் பக்கம் வரை 48 கிலோமீட்டருக்கு ஒரு பஸ் தடத் திட்டம். அதில் மிசிசாகாவின் கிழக்குப் பகுதி, கன்ஃபெடரேஷன் பார்க்வேயிலிருந்து ரொறன்ரோ எல்லை வரை சுமார் 7 கிலோமீட்டர், ரோட்டின் நடுவிலேயே வருகிறது. இது ஹைட்ரோ கம்பிக்குக் கீழே கிடக்கும் வெறும் நிலம் இல்லை. குக்ஸ்வில், டிக்சி, கடைகள், மாடி வீடுகள், பள்ளிவாசல், நாம் இறைச்சி வாங்குகிற இடம், முடி வெட்டுகிற இடம். சரியான ரோடு இதுதான். சண்டையும் இங்கேதான் வரும், ஏனென்றால் கட்டுமானம் நடக்கிற காலத்தில் கடைக்காரர் அடிபடுவார், அதை மூடி மறைத்துப் பேசினால் நான் பொய்யன்.

இப்போது வரும்போது வாசலில், டண்டாஸில் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா என்னைப் பிடித்துக் கேட்டார், "தம்பி, நடுவில் பஸ் ஓடினால் என் கடைக்கு இடது பக்கம் திரும்ப முடியாதாமே?" உண்மைதான் அக்கா, நேராகத் திரும்ப முடியாது. மார்க்கம் பக்கம் ஹைவே 7 இல் இப்படித்தான் செய்திருக்கிறார்கள், சிக்னல் வரை போய் அங்கே யூ டேர்ன் அடித்துத் திரும்பி வர வேண்டும். காரில் வருகிறவருக்கு இரண்டு நிமிடம் கூடுதல். அதே நேரத்தில் தரிப்பிடம் உங்கள் கடையிலிருந்து எத்தனை அடி, அங்கே குறுக்கே கடக்கச் சிக்னல் இருக்கிறதா, கட்டுமானக் காலத்தில் உங்கள் வாசலுக்கு வழி விடுவார்களா, அதற்கு யாரிடம் எழுத்தில் வாங்குவது, இவற்றைத்தான் நீங்கள் மாநகர சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். ஆங்கிலம் வராது என்று தயங்கினால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன், கடையின் வரைபடத்தை மட்டும் எடுத்து வாருங்கள்.