மூன்று பெண்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்த பையன்

நண்பர்களே, ஆங்கில நாவலின் தொடக்கம் என்றதும் எல்லோரும் ராபின்சன் குரூசோவைத்தான் சொல்வோம். சரி, அது 1719. நான் பேச வந்தது அதற்கு இருபது வருடம் கழித்து, ஐம்பது வயதில் முதல் நாவலை எழுத உட்கார்ந்த ஓர் அச்சக முதலாளியைப் பற்றி. சாமுவேல் ரிச்சர்ட்சன்.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் 1689இல் ஒரு தச்சருக்குப் பிறந்தவர். பெரிய படிப்பு கிடையாது. ஆனால் சொன்னதை வெளியே விடமாட்டான் என்று அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவர்மேல் நம்பிக்கை. பதின்மூன்று வயதுக்குள்ளேயே மூன்று பெண்கள், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தியாக வந்து, காதலனுக்குப் பதில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதட்டும் என்று கேட்டால் ஒருத்தி, "அது எனக்குச் சொல்ல வரவில்லை, ஆனால் நீ எவ்வளவு அன்பாக எழுதினாலும் தகும்" என்றாளாம். உதடுவரை வந்தும் வார்த்தையாகாமல் நிற்கும் அந்த மனசைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க எழுதினார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் லண்டன். ஏழு வருடம் அச்சுத் தொழில் பழகினார். இரவில் படிக்க, முதலாளிக்கு நஷ்டம் வரக்கூடாதென்று மெழுகுவத்தியைத் தன் காசில் வாங்கினார். அந்த முதலாளியின் மகளையே மணந்தார். பிறந்த ஆறு பிள்ளைகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை, 1731இல் மனைவியும் போய்விட்டார்.

இரண்டாம் திருமணமாகி, தொழிலும் நிலைத்தபின், 1739இல் இரண்டு புத்தக வியாபாரிகள் மாதிரிக் கடிதங்கள் தொகுத்துத் தரக் கேட்டார்கள். எஜமானின் தொல்லைக்கு ஆளான வேலைக்காரப் பெண்ணுக்குப் பெற்றோர் எழுதும் கடிதத்தில் கை நின்றுவிட்டது. அதையே கதையாக வளர்த்தார், இரண்டே மாதத்தில் 'பமீலா' நாவல். தினமும் இரவு மனைவி அவருடைய சின்ன அறைக்கு வந்து, இன்னும் எழுதினீர்களா என்று கேட்பாராம்.

பமீலா கடைசியில் அந்த எஜமானையே மணக்கிறாள், அது எனக்கு இன்றும் நெருடுகிறது. பிறகு எழுதிய 'கிளாரிசா' நாவலில் ரிச்சர்ட்சன் அதைச் செய்யவில்லை. ஏழு தொகுதிகள், 1747இலும் 48இலும் வந்தன. கெடுத்தவனையே கட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊர் சொன்னாலும் கிளாரிசா மறுத்துச் சாகிறாள். அவளைச் சாகவிடாதீர்கள் என்று வாசகர்கள் கெஞ்சினார்கள். பிராட்ஷே சீமாட்டி என்ற வாசகி தன் பெயரை மறைத்துக்கொண்டு கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதினார். இவர் அசையவில்லை, ஆனால் பதில் எழுதினார்.

அந்தச் சீமாட்டி அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று ரிச்சர்ட்சன் தன் தோற்றத்தையே கடிதத்தில் வர்ணித்து அனுப்பினார்: குள்ளம், கொஞ்சம் பூசின உடம்பு, ஒரு கை மார்பில், மறு கையில் கைத்தடி. 1750இல் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் இவர் கூட்டத்தில் தேடிக்கொண்டு நடக்க, சீமாட்டி தூரத்திலேயே கண்டுகொண்டு, பக்கத்திலேயே பலமுறை கடந்துபோயும் வாயைத் திறக்கவில்லை. அதைக்கூடப் பிறகு கடிதத்தில்தான் சொன்னார்.