எலிக்குப் பலித்த சூட்டு மருந்து நமக்குப் பலிக்குமா?

அடுத்த கேள்வி. பெயர் வேண்டாம் என்று ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "என் அண்ணனுக்குச் சர்க்கரை நோயும் உடல் பருமனும் இருக்கின்றன. உடலில் வெப்பத்தைக் கூட்டிக் கொழுப்பை எரிக்கும் மருந்து எலிகளுக்குச் சர்க்கரையைக் குணப்படுத்திவிட்டது என்று படித்தார். அதே சரக்கைப் பொடியாக இணையத்தில் விற்கிறார்களாம். வாங்கலாமா?"

வாங்கக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில், சூடு என்றதும் நம் வீட்டில் சொல்லும் 'உடம்பு சூடு' நினைவுக்கு வரும். வெந்தயம், நல்லெண்ணெய்க் குளியல் எல்லாம் அந்தக் கணக்கு. இது வேறு. நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. அதை ஓர் அணை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்ட சோற்றை எரித்து, புரோட்டான்களை ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் தேக்குகிறது. தேங்கியது மதகு வழியாக இறங்கும்போதுதான் செல்லுக்கு வேண்டிய ஆற்றல் உருவாகிறது. அண்ணன் கேள்விப்பட்ட மருந்து அந்த அணையில் ஓட்டை போடுகிறது. தேங்கியது வீணாய் ஒழுகுகிறது, ஆற்றல் வெறும் வெப்பமாகப் போகிறது. இழப்பை ஈடுகட்ட உடல் இன்னும் கொழுப்பை எரிக்கிறது.

இந்த ஓட்டை போடும் வேதிப்பொருளின் பெயர் டைநைட்ரோபீனால், சுருக்கமாக டி.என்.பி. மஞ்சள் நிறப் பொடி. முதல் உலகப் போரில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் காய்ச்சல் கண்டு, வியர்த்து, இளைத்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டெய்ன்டர், கட்டிங் ஆகியோர் அதை எடைக் குறைப்புக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். எடை உண்மையாகவே குறைந்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. கொஞ்ச காலத்திலேயே பெருங்கூட்டம் அதை விழுங்கத் தொடங்கியது. பிறகு இளம் பெண்களுக்குக் கண்புரை வந்தது, சிலர் உடல் கொதித்தே இறந்தார்கள். 1938இல் அமெரிக்காவில் மருந்துச் சட்டம் கடுமையானதும் அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று ஒதுக்கப்பட்டது. பிரிட்டன் 2023இல் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது. இணையத்தில் விற்கும் பொடி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் எலி ஆய்வு பொய்யா? இல்லை, நல்ல ஆய்வு. யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு ஷுல்மன் குழு யோசித்தது, ஓட்டையின் அளவையும் இடத்தையும் கட்டுப்படுத்தினால் என்ன என்று. அதே டி.என்.பி.யை மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறும்படி உறையிட்டு எலிகளுக்குக் கொடுத்தார்கள். இரத்தத்தில் திடீரென்று அளவு ஏறாததால் வேலை பெரும்பாலும் கல்லீரலில் நடந்தது. கல்லீரல் கொழுப்பு குறைந்தது, இன்சுலின் மறுபடி வேலை செய்தது, எலிகளின் சர்க்கரை சீரானது. இது 2015இல் வெளிவந்தது. 2019இல் குரங்குகளிலும் கல்லீரல் கொழுப்பு குறைந்ததைக் காட்டினார்கள். கவனியுங்கள், அவர்கள் குறிவைத்தது கல்லீரலைத்தான். உடல் முழுவதையும் உலையில் வைப்பது அவர்கள் எண்ணமே அல்ல. ஆக, பொருள் ஒன்றுதான் என்றாலும் பொட்டலத்தில் வருவதும் ஆய்வகத்தில் கொடுத்ததும் ஒன்றல்ல.

எலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த விஷயம் இது. சுண்டெலிக்கு இதமான வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரி. ஆய்வகத்தை நாம் நமக்கு வசதியாக 22 டிகிரியில் வைக்கிறோம். பாவம், அது நாள் முழுக்கக் குளிரில் நடுங்குகிறது, உடலைச் சூடாக வைக்கவே உணவில் பெரும்பங்கைச் செலவிடுகிறது. வெப்பம் உண்டாக்கும் ஒரு புரதத்தை நீக்கிய சுண்டெலிகள் சாதாரண அறையில் குண்டாகவில்லை. 30 டிகிரியில் வைத்தபோது குண்டாயின. 2009இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டது இது. அறையின் வெப்பநிலையே முடிவை மாற்றிவிடுகிறது! நாம் சட்டை போட்டு, போர்வை போர்த்தி, மின்விசிறியும் போட்டுக்கொள்கிற ஜாதி.

பழுப்புக் கொழுப்பு என்பது ஆற்றலை எரித்து உடலுக்கு வெப்பம் தரும் ஒரு வகைக் கொழுப்பு. அதைத் தூண்டும் மருந்துகளுக்கும் இதே கதைதான். சுண்டெலியை அழகாக இளைக்க வைத்தவை மனிதரிடம் சோபிக்கவில்லை. நம்மிடம் அந்தக் கொழுப்பு குறைவு, மருந்து போய்ப் பொருந்தும் ஏற்பியும் சற்று வேறு. சிறுநீர்ப் பைக்குக் கொடுக்கும் மிராபெக்ரான் 200 மில்லிகிராம் கொடுத்தபோது மனிதரிடமும் பழுப்புக் கொழுப்பு விழித்தது; ஆனால் இதயத் துடிப்பும் கூடவே ஏறியது. வழக்கமாகக் கொடுக்கும் உச்ச அளவே 50தான்.

எனவே, அண்ணனிடம் சொல்லுங்கள், மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்த வேண்டாம். பொடியை ஏற்கெனவே வாங்கி விழுங்கியிருந்தால், வியர்வை, படபடப்பு, காய்ச்சல் வரும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டி.என்.பி.யின் நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. உடலைக் குளிர்வித்துக் காப்பாற்றுவதுதான் வழி. போகும்போது அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.