பல்கலைக்கழகத்தின் பெயரா, டிரையலின் வயதா? – நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்விக்கு வருகிறேன். உணவியலில் முனைவர் பட்டம் முடிக்கப்போகும் ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: 'இதய நோய், சர்க்கரை நோய் தொடர்பான உணவு டிரையல்களில் (ஆட்களைக் குழுக்களாகப் பிரித்துச் சோதிக்கும் ஆய்வுகளில்) போஸ்ட்டாக் பணிக்கு, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணிக்கு, அமெரிக்காவில் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று பெரிய பெயர், மற்றது அதிகம் பேசப்படாத பல்கலைக்கழகம். எதற்குப் போகலாம்? நான் மருத்துவர் இல்லை, அது தடையா?'

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். தடையே இல்லை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் முடிவெடுப்பது எல்லாம் குழுவிலுள்ள மருத்துவரின் பொறுப்பு. உணவுத் திட்டமும் தரவும் கட்டுரையும் உங்கள் பக்கம்.

எந்த இடம் என்பதற்கு வருவோம். பெயரை ஓரமாக வையுங்கள். அந்த டிரையலுக்கு என்ன வயது என்று பாருங்கள். மத்தியதரைக் கடல் பகுதி உணவுமுறை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைத் தடுக்குமா என்று பார்க்க ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் டிரையலை எடுத்துக்கொள்ளுங்கள். 7,447 பேர். ஆள் சேர்ப்பு மட்டுமே 2003இல் தொடங்கி 2009 வரை நீண்டது, முதன்மை முடிவு 2013இல்தான் வெளியானது. 2004இல் இரண்டு வருட வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அந்த முடிவைப் பார்க்காமலேயே மூட்டை கட்டியிருப்பார். அவர் திறமையில் குறை எதுவும் இல்லை, சேர்ந்த நேரம் அப்படி.

ஆனால் அந்த நடுக்கட்டத்தில்தான் தொழிலைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். அதே டிரையலில் ஒரு குழுவுக்கு வாரம் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிப் போனவர் சமைத்துச் சாப்பிட்டாரா, அலமாரியில் அடுக்கினாரா? கேட்டால் எல்லோரும் 'சாப்பிட்டேன்' என்றுதான் சொல்வார்கள். அதனால் ஒரு பகுதியினரின் சிறுநீரில் ஹைட்ராக்சிடைரோசால் என்ற, ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டதைக் காட்டிக்கொடுக்கும் பொருளை அளந்து பார்த்தார்கள். மாத்திரை டிரையலில் மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து, யாருக்கு எது என்பதை மறைக்கலாம், எண்ணெயையும் இன்னொரு குழுவுக்குக் கொடுத்த அக்ரூட்டையும் எப்படி மறைப்பது? இந்தத் தலைவலியோடு தினமும் மல்லுக்கட்டியவரே நல்ல உணவு ஆய்வாளர் ஆகிறார் என்பது என் கட்சி.

குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிக்கும் வேலையையும் 'அது அலுவலக வேலை' என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரெடிமெட்டில் ஒரு மையம் ஆள் ஆளாகப் பிரிக்காமல், ஒரு மருத்துவ நிலையத்துக்கு வந்த எல்லோரையும் ஒரே குழுவில் போட்டிருந்தது. வேறு சில இடங்களில் ஒரே வீட்டில் இருந்தவர்களைக் குலுக்கல் இல்லாமலே ஒரே குழுவில் சேர்த்திருந்தார்கள். 2018இல் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறுபகுப்பாய்வு செய்து அதே இதழில் மீண்டும் வெளியிட்டார்கள். எண்கள் பெரிதாக மாறவில்லை, ஆனால் முடிவைச் சொன்ன குரல் தணிந்துவிட்டது.

எல்லா உணவு டிரையலும் இவ்வளவு நீளமில்லை. மிகைப் பதப்படுத்தல் உணவு, அதாவது ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவு பற்றி அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேர்தான். அவர்களை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, மிகைப் பதப்படுத்திய உணவு இரண்டு வாரம், அதிகம் பதப்படுத்தாத உணவு இரண்டு வாரம் என்று கொடுத்தார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இப்படிப்பட்டதைப் போஸ்ட்டாக் காலத்துக்குள் தொடங்கி முடித்துவிடலாம். இதில் மாரடைப்பு குறைகிறதா என்று பார்க்க முடியாது, அது வேறு விஷயம்.

எனவே நேர்காணலுக்கு முன் கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் என்ற, அமெரிக்க அரசின் இணையப் பதிவேட்டில் அந்த இரண்டு டிரையல்களையும் தேடுங்கள். ஆள் சேர்ப்பு முடிந்ததா என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும். பதிவின் பழைய பதிப்புகளையும் திறந்து பாருங்கள். முடியும் தேதியை எத்தனை முறை தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு பேராசிரியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: 'ஏற்கெனவே முடிந்த டிரையலின் தரவு எனக்குக் கிடைக்குமா? எந்தக் கட்டுரையில் நான் முதல் ஆசிரியர்?' பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கைக்கு நடப்பிலுள்ள டிரையல், கட்டுரைக்கு முடிந்துபோன டிரையல், இரண்டும் கிடைக்கும் இடம் சின்னப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் அங்கேயே போங்கள்.

டிரையலின் வயதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம், உங்களுக்கு நேரம் குறைவு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் டி32 என்ற பெயரில் நிதி தரும் பயிற்சி இடங்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்தான். போஸ்ட்டாக் ஒருவர் சொந்தமாக ஆய்வு நடத்தும் நிலைக்குப் போக அதே நிறுவனம் தரும் கே99 நிதிக்கு அந்த நிபந்தனை இல்லை, ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு வருடத்தைத் தாண்டுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றே அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.