ஃபோம் உதிர்ந்த பழைய ஸ்பீக்கரை மூடி வைக்கவா, பாட்டுக் கேட்கவா?

நம்ம சுங்கை சிப்புட் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஏஆர் என்பது அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி. ஊஃபர் ஆழமான பாஸ் சத்தம் தருகிற பெரிய வட்டு, ட்வீட்டர் கீச்சுச் சத்தம் தருகிற சின்னது. கடிதத்தை அப்படியே வாசிக்கிறேன். "அண்ணே, என் மாமா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். துரை ஊருக்குத் திரும்பும்போது அவரிடம் வாங்கிய ஏஆர் 3ஏ ஸ்பீக்கர் ஜோடி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஊஃபர் ஓரத்தில் ஃபோம் பொடிப்பொடியாகக் கொட்டுகிறது. ஒரு பெட்டியில் ட்வீட்டர் சத்தமே இல்லை. புது ஊஃபர் போடவா, இல்லை துணி போர்த்தி அழகுக்கு வைத்துக்கொள்ளவா?"

தம்பி, புது ஊஃபர் வாங்காதீர்கள். கெட்டுப்போனது ஓரம் மட்டும்தான். கோன் என்கிற கூம்பு, அதை அசைக்கிற காயில், காந்தம் மூன்றும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஓரத்தை மட்டும் மாற்றி ஒட்டலாம்.

அழகுக்கு வைப்பது பற்றிச் சொல்கிறேன். அந்த ஃபோம் பாலியூரித்தேன். காற்றில் இருக்கிற ஈரம் அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். முதலில் பிசுபிசுவென்று ஒட்டும், அப்புறம் விரல் பட்டாலே உதிரும். நம்ம ஊர் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? அலமாரியில் தொங்குகிற தோல் பெல்ட்டிலேயே பூஞ்சை பூக்கிறது. பாட்டுப் போட்டால்தான் உதிரும், மூடி வைத்தால் தப்பிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போர்த்தி வைத்த பெட்டிக்குள்ளும் ஃபோம் தன் பாட்டுக்கு உதிர்ந்துகொண்டுதான் இருக்கும். புதிதாக ஒட்டுகிற ஓரத்துக்கும் இதே கதிதான். அதன் ஆயுள் பாட்டுக் கேட்டாலும் போகும், கேட்காவிட்டாலும் போகும். அதனால் கேளுங்கள்.

இதைக் கோப்பிக்கடையில் சொன்னால் யாராவது ஒருவர் கட்டாயம் மடக்குவார்: "பால்மரம் சீவிய ஊரில் இருந்துகொண்டு ஃபோம் எதற்கு? ரப்பர் ஓரமே போடலாமே?" நியாயமான கேள்விதான். சில ஸ்பீக்கர்களுக்கு ரப்பர் ஓரம்தான் சரி. இதற்குச் சரிவராது. கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்கர் வில்சர் 1954-இல் ஏஆர்-1 கொண்டுவந்ததிலிருந்து இந்தக் கம்பெனியின் சூட்சுமமே வேறு. பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றையே ஸ்பிரிங் மாதிரி வேலை வாங்கினார். கோனைப் பிடித்திருக்கிற ஓரம் தொளதொளவென்று இருந்தால்தான் அந்தக் காற்று தன் வேலையைச் செய்யும். அதனால்தான் அவ்வளவு சின்னப் பெட்டியில் அவ்வளவு ஆழமான பாஸ். 1967-இல் வந்த உங்கள் 3ஏ-யும் அதே வழிதான். கனமான ரப்பரை ஒட்டினால் கோன் விறைத்துக்கொள்ளும், பாஸின் ஆழம் போய்விடும். ஆகவே இதே மாடலுக்கு என்று விற்கிற மெல்லிய ஃபோமைக் கேட்டு வாங்குங்கள்.

ஒட்டும்போது அவசரம் வேண்டாம். பழைய பசையைச் சுரண்டி எடுப்பதுதான் பாதி வேலை. பெட்டிக்குள் கண்ணாடி இழைப் பஞ்சு இருக்கும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொட்டால் ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டியதுதான். ஓரத்தை ஒட்டியதும், பசை இறுகுவதற்குள், கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். சரசரவென்று உரசினால் நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம். நகர்த்துங்கள். எல்லாம் காய்ந்து, ஊஃபரைப் பெட்டியில் முடுக்கிய பிறகு மறுபடி அழுத்தி விடுங்கள். கோன் சோம்பேறித்தனமாக, மெதுவாகத் திரும்பி வரவேண்டும். டக்கென்று குதித்து வந்தால் எங்கேயோ காற்று கசிகிறது. திருகுகளைச் சுற்றிப் பாருங்கள்.

ட்வீட்டர் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். என் முதல் ஜோடியிலும் ஒரு பக்கம் இப்படித்தான் ஊமையாக இருந்தது. ட்வீட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, மூன்று மாதம் தேடி, பழையது ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி மாட்டினேன். அதுவும் பேசவில்லை! அப்புறம்தான் பின்பக்கம் இருக்கிற, சத்த அளவைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு குமிழ்களைத் திருகினேன். கரகரவென்று ஒரு சத்தம், சட்டென்று ட்வீட்டர் விழித்துக்கொண்டது. குமிழைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பழைய செம்புக் குடம் மாதிரி பச்சைக் களிம்பு. 3ஏ-யில் இது சகஜம். ஆகவே முதலில் குமிழை இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். சத்தம் வந்து வந்து போனால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மட்டும் ட்வீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்பீக்கரை ஓட்டுகிற ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இது 4 ஓம் ஸ்பீக்கர், கரண்டை நன்றாகக் குடிக்கும். சின்ன ஆம்ப்பை முழுசாகத் திருகினால் சத்தம் கிழியும், அந்தக் கிழிசல் ட்வீட்டரைத்தான் முதலில் எரிக்கும். 4 ஓமுக்குத் தாங்கும், ஐம்பது வாட்டுக்குக் குறையாத ஆம்ப் பாருங்கள்.

எல்லாம் முடிந்து பாட்டுப் போட்டால் முதல் நாள் மந்தமாகத் தெரியும். இப்போதைய ஸ்பீக்கர்கள் மாதிரி இதில் ட்வீட்டர் பளீரென்று அடிக்காது. ஒரு வாரம் பொறுங்கள். காருக்குறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் போட்டுப் பாருங்கள். தவிலின் தொப்பிப் பக்கம் குச்சி விழுகிறபோது அடி மட்டும் கேட்காது, தோல் அமுங்கி எழுவதும் கேட்கும். நான் இதற்காகவே ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி வைத்திருக்கிறேன். சாயங்காலம் மழை வந்தால் தகரக் கூரைக்கு முன்னால் எந்த ஸ்பீக்கரும் ஜெயிக்காது.

பெட்டியைத் தரையோடு வைக்காதீர்கள் தம்பி, கரையான் ஏறும். குமிழ்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கீழே எழுதுங்கள், அதற்கு முன் எதையும் வாங்க வேண்டாம்.