மூன்று வருடக் கணக்கு

(கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெற்றோர்களே, முன்வரிசை காலியாக இருந்தும் பின்வரிசையை விட்டு நகராத மாணவ மாணவியரே, எல்லோருக்கும் வணக்கம்.

‘உயர்கல்வியில் நோக்கம்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளையிடம் போய் உன் நோக்கம் என்ன என்று கேட்டால் பாவம், அது என்ன சொல்லும்? விசேஷ வீட்டில் பெரியப்பா கேட்பாரே என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கும். ‘கலெக்டர்’ என்று சொல்லிவிட்டால் போதும், பெரியப்பா திருப்தியாகப் பந்திக்குப் போய்விடுவார்.

உண்மை நிலவரம் தெரிய வேண்டுமென்றால் பொறியியல் கலந்தாய்வு நேரத்தில் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரை எட்டிப் பாருங்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்ஆஃப் போட்டு, விருப்பப் பட்டியல் பதிவு நடந்துகொண்டிருக்கும். கம்ப்யூட்டருக்கு முன்னால் சென்டர்காரர், அவர் தோளுக்கு மேலே மாமா, மாமாவுக்குப் பின்னால் அப்பா. படிக்கப் போகிற பிள்ளை வாசல் பக்கம் நின்று போன் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். ஆனால் உங்கள் முறை வரும்போது, நீங்கள் போட்ட வரிசையில் எது முதலில் காலியாக இருக்கிறதோ அதுதான் கைக்கு வரும். “இதையும் போட்டு வைப்பா, இருக்கட்டும்” என்று மாமா சேர்த்த ஒன்பதாவது பெயர் நான்கு வருடப் படிப்பாகிவிடும்.

எந்தப் படிப்பானாலும், அப்படி அடுத்தவர் போட்ட பட்டியலில் வந்து சேர்ந்தவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். நான் பேச வந்தது உங்களோடுதான். நோக்கத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் உழைக்க வேண்டும் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது தலைகீழ். வேலையில் கை வைத்த பிறகுதான் பலருக்கு நோக்கமே பிடிபடுகிறது.

இந்த ஊர்ப் பெரியவர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன கதை உங்கள் வீடுகளிலேயே இருக்கும். கப்பல் ஏறிய பையனிடம் லட்சியம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வட்டிக் கடைகள் நடந்த கட்டடமான கிட்டங்கியில் அவன் முதலில் பெட்டியடிப் பையன். கடை பெருக்குவான், தபால் கொண்டுபோவான், பெரியவர்கள் வட்டி போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், பேரேட்டில் பெயர்த்து எழுதுவான். அப்புறம் அடுத்தாள், ஏஜெண்டுக்கு உதவியாள். தேறியவன் முதலாளிக்காகக் கடையை நடத்தும் ஏஜெண்டாகப் போவான். அதுவும் ஆயுள் முழுக்க இல்லை, மூன்று வருடக் கணக்கு. தவணை முடிந்ததும் ஐந்தொகை, அதாவது இருப்பும் கடனும் காட்டும் முடிவுக் கணக்கு போட்டு, அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். மறு கணக்குக்குப் போவதா, வேறு முதலாளியிடம் சேர்வதா, சொந்தக் கடை வைப்பதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற யோசனை.

அந்த ஏற்பாட்டை நான் தூக்கிப் பிடிக்க வரவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அதில் இடமே இல்லை. பையன்களுக்கும் பிறந்த வீடுதான் வழியைத் தீர்மானித்தது. 1942இல் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் வந்தபோது பாதி ஆயுளின் சேமிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் ‘மூன்று வருடம், அப்புறம் கணக்கு’ என்ற அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். எல்லாம் மூன்று வருடம்தானே?

வள்ளல் அழகப்பரைப் பாருங்கள். 1909இல் கோட்டையூரில் பிறந்தவர். படித்தது ஆங்கில இலக்கியம். லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். அங்கேயே வங்கியில் பயிற்சி, போதாததற்கு விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து நூற்பாலை நடத்தினார். இப்போது ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் ‘நிலையா ஒண்ணு பண்ணமாட்டேங்குறானே’ என்று வீட்டில் அழுவார்கள். 1947இல் சென்னையில் ஒரு கூட்டம். செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேசினார். அந்தக் கூட்டத்திலேயே எழுந்து, நான் தொடங்குகிறேன் என்றார் அழகப்பர். அந்த ஆண்டே காரைக்குடியில் கல்லூரி வந்துவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறப்பு விழா. அழகப்பர் மறைந்தது 1957இல், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இதையெல்லாம் இருபது வயதில் அவர் திட்டம் போட்டு வைத்திருக்க வழியில்லை.

பணம் இருந்தது, செய்தார் என்பீர்கள். சரி, அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் ஆயிற்று. அவர் 1992இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. எந்தக் கலந்தாய்வுப் பட்டியலிலும் இல்லாத படிப்பு அது.

ஊக்கம் வருவதே இல்லை என்கிறீர்களே, அதைப் பற்றியும் சொல்கிறேன். மேடைப் பேச்சில் கிடைக்கிற ஊக்கம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும், என் பேச்சும் சேர்த்துத்தான். ஒரு வேலையைச் செய்து முடித்து, அது யாருக்கோ பயன்பட்டதைப் பார்த்தால் வருகிற ஊக்கம் கொஞ்ச நாள் தாங்கும். பி.காம். மாணவி தெரிந்த மளிகைக் கடைக்காரரின் ஒரு மாத வரவு செலவை உட்கார்ந்து எழுதிக் கொடுக்கட்டும். வரலாறு படிப்பவர் இடிக்கப்போகிற ஒரு வீட்டின் பழைய கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கட்டும். வேதியியல்காரர்களுக்கு ஊருக்குள்ளேயே அழகப்பர் நிலம் கொடுத்த அந்த ஆய்வகம் இருக்கிறது. பாட்டரியும் உலோக அரிப்பும் அங்கே அன்றாட வேலை. அதன் சுற்றுச்சுவரை ஒட்டிப் பஸ்ஸில் போய்க்கொண்டே ‘இங்கே என்ன சார் ஸ்கோப்?’ என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செமஸ்டர் முடிந்ததும் ஒரு நோட்டில் கணக்குப் போடுங்கள். எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எதில் நன்றாகச் செய்தும் அலுப்பு வந்தது, யார் உங்களை மறுபடி கூப்பிட்டார்கள். ஆறு செமஸ்டருக்கு ஆறு பக்கம். வங்கித் தேர்வா, மேற்படிப்பா, கடையா என்பதை மூன்றாம் வருடம் அந்த ஆறு பக்கத்தை வைத்துக்கொண்டு பேசலாம். நஷ்டக் கணக்கையும் மறைக்காமல் எழுதுங்கள். ‘லேப் வேலை எனக்கு ஒத்துவராது’ என்று இரண்டாம் வருடமே தெரிந்தால், எம்.எஸ்சி.க்குக் கட்டவிருந்த பணம் மிச்சம்.

பெற்றோருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அந்த நோட்டை நீங்கள் வாங்கிப் பார்க்காதீர்கள். அவர்களாகக் காட்டினால் பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இனிக் கேள்விகள். மைக்கைப் பின்வரிசைக்குக் கொண்டுபோங்கள் தம்பி. அப்பாக்கள் கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.