ஓட்டுக்கு ரசீது கிடையாது

நண்பர்களே, வணக்கம். உள்ளே வரும்போதே ஒரு தம்பி என்னை மடக்கினார். "டீக்கடையில் பத்து ரூபாய்க்கு ஜிபே பண்ணுகிறோம். ஓட்டு மட்டும் ஏன் சார் போனில் போடக் கூடாது?" நியாயமான கேள்வி. அதை மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

பத்து ரூபாய் அனுப்பினால் கடைப் பெட்டி சத்தம் போடுகிறது. உங்கள் கணக்கில் பதிவாகிறது. தவறிப்போனால் பேங்கில் போய்ச் சண்டை போடலாம், கையில் ஆதாரம் இருக்கிறது. ஓட்டு அப்படியல்ல. யாருக்குப் போட்டீர்கள் என்பது வேறு யாருக்கும் தெரியக் கூடாது. அப்புறம் அது வழியில் மாறிப்போனால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம், 2018 நவம்பர். வெளிநாட்டில் இருந்த ராணுவத்தினர் உட்பட 144 பேர் 'வோட்ஸ்' என்ற செயலியில் ஓட்டுப் போட்டார்கள். முகத்தைப் படமெடுத்து அடையாள அட்டையோடு ஒப்பிட்டது செயலி. ஓட்டு பிளாக்செயினில் ஏறியது, அதாவது எழுதியதைப் பிறகு திருத்துவது கடினமாக இருக்கும்படி பல கணினிகளில் நகல் வைக்கும் பதிவேட்டில். பிளாக்செயின் என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்குக் கை தானாகக் கும்பிடும்!

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்பெக்டர், கோப்பல், வைட்ஸ்னர் மூவரும் அந்தச் செயலியைப் பிரித்து மேய்ந்தார்கள். பிளாக்செயின் கடைசி அறையில் தொங்கும் பூட்டு. ஓட்டு அங்கே போவதற்கு முன் உங்கள் போனையும் கம்பெனி சர்வரையும் தாண்ட வேண்டும். போனுக்குள் புகுந்தவன் திரையில் ஒன்றைக் காட்டிவிட்டு இன்னொன்றை அனுப்பலாம். சர்வரைப் பிடித்தவனும் மாற்றலாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. ஓட்டைச் சங்கேதமாக்கித்தான் அனுப்பினார்கள், ஆனால் வேட்பாளருக்கு வேட்பாளர் அந்தத் தகவலின் நீளம் மாறியது. கவரைப் பிரிக்காமலே, கையில் தூக்கிப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது போல!

பார்த்தது பழைய பதிப்பு என்றது கம்பெனி. சரி, அவர்களே அமர்த்திய 'டிரெயில் ஆஃப் பிட்ஸ்' நிறுவனமும் அடுத்த மாதமே அந்தக் குறைகளை உறுதி செய்தது. மாநிலம் அதற்குள்ளேயே செயலியைக் கைவிட்டிருந்தது.

"செயலியில் வந்த ஓட்டுகளைக் காகிதத்தில் அச்சிட்டுத்தானே எண்ணினோம்" என்றும் ஒரு சமாதானம் உண்டு. அச்சானது தேர்தல் அலுவலகத்தில். சர்வரிலிருந்து வந்ததுதான் அதில் இருக்கும். நம் ஓட்டு இயந்திரத்தோடு இருக்கும் விவிபேட் பெட்டியில் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறதே, ஓட்டுப் போட்டவர் தன் கண்ணால் பார்க்கத்தான். அந்தப் பார்வை செயலியில் இல்லை.

எஸ்டோனியாவில் 2005 முதல் இணையத்தில் ஓட்டுப் போடுகிறார்களே என்பீர்கள். அங்கே ஒருவர் மறுபடியும் ஓட்டுப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. பக்கத்தில் நின்று மிரட்டுகிறவனைச் சமாளிக்க ஏற்பாடு. நல்ல யோசனைதான், கடைசி மணி நேரத்தில் அவன் பக்கத்தில் இல்லாதவரை.

அப்படியென்றால் வெளிநாட்டில் இருக்கும் அந்த அமெரிக்கச் சிப்பாய் என்ன செய்வார்? வெற்று ஓட்டுச்சீட்டு இணையத்தில் வரட்டும், அதில் ஆபத்து குறைவு. அச்செடுத்து, பேனாவால் குறித்து, தபாலில் போட வேண்டும். தபால் மெதுவாகத்தான் போகும். அதனால்தான் தேர்தலுக்கு 45 நாள் முன்பே அவருக்குச் சீட்டை அனுப்பிவிட வேண்டும் என்று 2009-லேயே அமெரிக்காவில் சட்டம் போட்டுவிட்டார்கள்.