போர்வைக்குள் ஒரு பாத்திரம்

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். நுண்ணுயிர்களால் நமக்குப் பெரிதும் விளைவது நன்மையா, தீமையா? நன்மையே என்று பேச வந்திருக்கிறேன்.

எங்கள் அக்காவை டெல்லியில் கட்டிக்கொடுத்தோம். முதல் ஜனவரிக்கு அம்மா போயிருந்தார். இரவு மாவரைத்து உப்புப் போட்டுக் கரைத்து வைத்தார். காலையில் திறந்தால் வைத்தது வைத்தபடி கிடக்கிறது, ஒரு விரல்கூட ஏறவில்லை. அதையே அவித்தார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் இரண்டைத் தின்றுவிட்டு எழுந்தார். அந்த ‘ஒன்றும் சொல்லாமல்’தான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ராத்திரி பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, தன் கட்டிலில், தன் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டார். ஒரு மணிக்கு எழுந்து தொட்டுப் பார்க்கிறார். மூன்று மணிக்குக் காதை வைத்துக் கேட்கிறார்! விடிந்ததும் வந்த பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கம்பளியைப் பார்த்துவிட்டு அக்காவிடம் ரகசியமாகக் கேட்டாராம், “பையனா, பெண்ணா?” அம்மா கம்பளியை விலக்கினார். மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு எட்டிப் பார்க்கிறது!

பொங்க வைத்தவர் பெயர் லூக்கனாஸ்டாக் மெசென்டராய்டிஸ். பெயர் வாயில் நுழையாது, அவர் செய்த இட்லி நுழையும். உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வருகிற பாக்டீரியா. அது விடும் வாயுதான் இட்லியின் மென்மை, அமிலம்தான் புளிப்பு. குளிரில் மந்தமாகிவிடும், கம்பளி அதற்குத்தான். அந்த உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள், வேரில் கடுகு கடுகாக முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அங்கே ரைசோபியம் என்ற இன்னொரு பாக்டீரியா உட்கார்ந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது.

சரி, எதிரணி அண்ணனுக்கு வருகிறேன். “இட்லிக்காகக் கிருமிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் காசநோய் வார்டில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணே, எங்கள் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர், படுத்திருக்கிறார். ஒரு ராத்திரி இல்லை, எட்டு மாதம். அப்பாவுக்கு அப்போது நான்கு வயது. ஜன்னலுக்கு வெளியே நிறுத்தித்தான் அம்மாவைக் காட்டுவார்களாம். 1882-ல் ராபர்ட் காக் கண்டுபிடித்துச் சொன்ன அதே கிருமிதான் அவர் நெஞ்சை அரித்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் அவருக்குப் போட்ட ஊசி எது? ஸ்ட்ரெப்டோமைசின்! 1943-ல் அமெரிக்காவில், செல்மன் வாக்ஸ்மன் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசஸ் என்கிற மண் பாக்டீரியா சுரக்கும் மருந்து. வார்டில் அப்பாயியோடு படுத்திருந்தது ஒரு கிருமி. அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியது இன்னொரு கிருமி. இதை ஏன் அண்ணே சொல்லாமல் விட்டீர்கள்?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் ஐயா, ஒரே நிமிடம்.

முதல் மழை விழும்போது மண்ணிலிருந்து ஒரு வாசனை எழுமே, அதில் பெரும்பங்கு இந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் கூட்டத்துடையது. அப்பாயிக்கு அது தெரியாது. கோடை மழையின் முதல் தூறலுக்கே திண்ணைக்கு வந்துவிடுவார். என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பார். “மண்ணு மணக்குதுடா” என்பார். ஒரு இருமல் வராது.

வணக்கம்.